வேலியேந்தல் துறைமுகத்தில் மேய்ந்த உபகரணங்கள்

கடல் இல்லாத ஊருக்குத் துறைமுகம் வந்ததில் வேலியேந்தல் மக்களுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. தண்ணீர் இல்லாத ஊருக்குக் குழாய் வந்திருந்தது. டாக்டர் இல்லாத ஊருக்கு ஆஸ்பத்திரிக் கட்டடம் வந்திருந்தது. பஸ் நிற்காத ஊருக்கு நிழற்குடை வந்து, அதில் ஆடுகள் படுத்துக் கிடந்தன. அந்த வரிசையில் துறைமுகமும் வந்தது. வந்ததை வரவேற்பதுதானே மரியாதை.

"இது உலர் துறைமுகம்" என்று திறப்பு விழாவில் ஓர் அதிகாரி விளக்கினார். கப்பல் தூத்துக்குடியோடு நின்றுவிடும். அதிலிருந்து இறங்கும் இரும்புப் பெட்டிகள் லாரி ஏறி இங்கே வரும். இங்கே இறக்கி, அடுக்கி, சோதித்து, மற்ற ஊர்களுக்கு அனுப்புவார்கள். "ஆகவே கடல் தேவையில்லை" என்று அவர் முடித்தபோது ஊரே கை தட்டியது. தங்களிடம் இல்லாத ஒன்று தேவையில்லை என்று ஒரு அதிகாரி வாயால் கேட்பது நரிக்குடிப் பக்கத்தில் அபூர்வம்.

ஊர் மேய்ச்சல் நிலம் முழுவதும் துறைமுகத்துக்குள் போனது. வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள். பெட்டிகள் வந்ததும் வேலை தொடங்கும் என்றார்கள். பெட்டி வருவதற்கு முன்னால் பெட்டியைப் பற்றிய தகவல் வர வேண்டும். தகவல் வர நெட்வொர்க் வேண்டும். எனவே முதலில் நெட்வொர்க் வந்தது.

அது துறைமுகத்துக்கென்றே அமைந்த தனி மொபைல் நெட்வொர்க். தனி டவர், தனி சிம், தனி அலைவரிசை. ஊர் சனம் பேசுகிற டவரை நம்பிக் கிரேன் ஓட்ட முடியாதாம். இங்கே ஒருவன் சினிமா பார்த்தால் அங்கே கிரேன் ஒரு கணம் தயங்குமாம். தயங்கினால் பெட்டி தலையில் விழும். அதனால் துறைமுக எல்லைக்குள் வெளியார் அலை எதுவும் நுழையக் கூடாது என்று, ஊரில் ஏற்கெனவே நின்ற டவரின் முகத்தைக் காரியாபட்டிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள்.

அன்றோடு வேலியேந்தலில் சிக்னல் செத்தது. ஊரார் மனுக் கொடுத்தார்கள். தென்மண்டல உலர் துறைமுகச் செயலாக்கக் கழகத்திலிருந்து காலதாமதமின்றிப் பதில் வந்தது.

'தங்கள் கிராம எல்லைக்குள் தென் மாவட்டங்களிலேயே மிகச் சிறந்த அலைவரிசை நிலவுகிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். அது தங்களுக்கானது அல்ல என்பதையும் அதே மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

கோட்டைச்சாமி இந்தப் பதிலைக் கேட்டும் வருத்தப்படவில்லை. அவர் யாரிடமும் அதிகம் பேசாதவர். அவருக்கு இருந்த கவலை ஆடுகளைப் பற்றியது. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கம்பும் குதிரைவாலியும் முளைத்த இடத்திலேயே கருகிப்போயின. மிச்சம் இருந்தவை நாற்பத்தாறு வெள்ளாடுகள். அவற்றில் கிடாய்களை எல்லாம் வீரசோழன் ஊர் ஆட்டு வியாபாரி ஜமால் மைதீன் பக்ரீத்துக்கென்று பார்த்து வைத்திருந்தார். பெருநாளுக்கு முன்னால் ஆடு கைமாற வேண்டும். கைமாறாவிட்டால் அடுத்த மழைவரை கோட்டைச்சாமி வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம். பெருநாளுக்கு மறுநாள் கிடாய்க்கு வெறும் கிடாய் என்றுதான் பெயர்.

துறைமுகச் சுவருக்குள் பழைய கருவேல மரங்கள் சில நின்றன. கோடையில் அவை காய் உதிர்க்கும். கருவேலங்காய் வாசம் கண்ட ஆடு சட்டதிட்டம் பார்க்காது. கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாய் சுவருக்கு அடியில் ஓடியது. தண்ணீர்தான் வரவில்லையே, வழி சும்மாதான் கிடந்தது. மந்தைக்கு மூத்தவள் மோழை. கொம்பில்லாதவள், கழுத்தில் வெண்கல மணி கட்டியவள். அவள் அந்த வழியாகக் குனிந்து உள்ளே போனாள். மணிச்சத்தம் போன பக்கமே மந்தை போவது வழக்கம். நாற்பத்தைந்தும் பின்னாலேயே போயின. எல்லா ஆடும் உள்ளே போய்ச் சேர்ந்த பிறகு, ஆடு உள்ளே போகாமல் இருப்பதற்காகக் கால்வாய்க்குக் கம்பி வைத்து அடைத்தார்கள்.

கோட்டைச்சாமி வாசலுக்கு ஓடினார். காவலுக்கு நின்றவன் மாரிக்கண்ணன், உள்ளூர்க்காரன், முறைக்கு மருமகன். வீட்டுக்கு ஒரு வேலை என்ற வாக்குறுதியில் இதுவரை கிடைத்த ஒரே வேலை அவனுடையது.

"ஏலே மாரி, கதவத் திற. ஆடு உள்ள போயிருச்சு."

"நானும் பாத்தேன் மாமா. என்னா வரிசையாப் போகுது! நம்ம ஊரு ரேசன் கடையில அப்படி ஒரு வரிசை உண்டா?"

"திறல, பத்திக்கிட்டுப் போறேன்."

"உள்ள வர்றதுக்குத் தடையே இல்ல மாமா. வெளிய போறதுக்குத்தான். கதவு என் கையில இல்ல, நெட்வொர்க்கு கையில இருக்கு. நெட்வொர்க்குல பேரு பதிஞ்ச சரக்குக்குத்தான் வெளிக்கதவு தொறக்கும்."

"ஆடு என்னைக்குலே சரக்காச்சு?"

"துறைமுகத்துக்குள்ள வந்த எல்லாமே சரக்குதான். ரூல்சுல இருக்கு."

"அப்ப நீ எப்பிடி சாயங்காலம் வீட்டுக்குப் போற?"

மாரிக்கண்ணன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "செவரேறிக் குதிச்சுத்தான்."

"ஆட்டையும் ஒவ்வொண்ணாத் தூக்கி செவத்துக்கு இந்தப் பக்கம் போடு."

"ஐயோ மாமா, நான் ஊழியன். நான் குதிச்சா வீட்டுக்குப் போறதுன்னு அர்த்தம். சரக்கு குதிச்சா கடத்தல்!"

வேறு வழியின்றிக் கோட்டைச்சாமி மேலாளர் அறைக்குப் போனார். மேலாளர் முத்துராஜ் குளிர்ந்த அறையில் வியர்த்துக்கொண்டு இருந்தார். நெட்வொர்க் அலுவலர் மதன்குமார் கழுத்தில் அடையாள அட்டையோடு கணினி முன்னால் நின்றான்.

"தலைமையகத்துல மறுபடியும் கேட்டிருக்காங்க சார். நூறு இணைப்புக்கு அனுமதி வாங்கினோமே, எத்தனை உபகரணம் இணைஞ்சிருக்குன்னு."

"எத்தனை?"

"மூணு சார். கிரேன், கேட்டு, கேமரா."

"அதுல அசையறது?"

"கேட்டு சார். காத்து அடிச்சா."

முத்துராஜ் நெற்றியைத் துடைத்தார். அசையாத உபகரணத்துக்கு எதற்குத் தனி நெட்வொர்க் என்று தலைமையகம் கேட்டால், அசையாத மேலாளர் எதற்கு என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். அவர் பார்வை ஜன்னலுக்குப் போனது. வெளியே சரக்கு முற்றத்தில், வெள்ளைக்கோடு போட்ட பாதையில், மோழை முன்னால் போக மந்தை அழகாக வளைந்து திரும்பியது.

"அது என்ன மதன்?"

"ஆடு சார்."

"அசையுதே."

 மதன்குமார் விதிப்புத்தகத்தைத் திறந்து வாசித்தான். 'சரக்கு முற்றத்தில் ஓட்டுநர் இன்றித் தானாக இடம்விட்டு இடம் நகரும் எதுவும் தானியங்கி நகர்வு ஊர்தி எனப்படும்.'

"பெரியவரே" என்று முத்துராஜ் எழுந்தே நின்றுவிட்டார். "உங்க ஆட்டை யாராவது ஓட்டணுமா? இல்ல, தானாப் போகுமா?"

"மோழை போனா மத்தது தானாப் போகும் சாமி. நான் பின்னால சும்மா வருவேன்."

"கேட்டீங்களா மதன்? கூட்டு இயக்கத் திறன்!"

கோட்டைச்சாமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பதிஞ்சா கதவு தொறக்குமா?"

"பதியாம எப்படித் திறக்கும்?" என்றார் முத்துராஜ்.

கேள்விக்குக் கேள்வி பதிலாகாது என்று கோட்டைச்சாமிக்கு அப்போது தோன்றவில்லை. ஒவ்வோர் ஆட்டுக்கும் என்ன பெயர் என்று மதன்குமார் கேட்டான். அங்கேதான் அவர் ஏமாந்தார். வாழ்நாளில் அவர் ஆடுகளின் பெயரை யாரும் கேட்டதில்லை. வெட்கப்பட்டுக்கொண்டே ஆரம்பித்தவர், மோழை, செவலை, சுட்டி, கருங்காதி, குட்டைவாலி என்று ஒன்று விடாமல் சொல்லி, எது சூல், எது முரடு, எது யாருக்கு மகள் என்பதுவரை சொல்லி முடித்தார். எல்லாம் கணினியில் ஏறியது. சிம் வைத்த வில்லை ஒன்றைப் பட்டையில் கோத்து ஒவ்வோர் ஆட்டின் கழுத்திலும் மாட்டினார்கள். அலுவலர்களுக்குக் கழுத்தில் தொங்கும் அதே நீலப் பட்டை. தூரத்தில் இருந்து பார்த்தால் ஆள் எது, ஆடு எது என்று கழுத்தை வைத்துச் சொல்ல முடியாது.

மோழையின் மணியை மட்டும் மதன்குமார் கழற்றிவிட்டான். "இது அனுமதி பெறாத ஒலிபரப்பு" என்று சொல்லிக் கோட்டைச்சாமியின் கையில் கொடுத்தான். அவர் அதை மடியில் முடிந்துகொண்டார்.

மறுநாள் காலை அவர் வாசலில் போய் நின்றார்.

"பதிஞ்சாச்சுல்ல மாரி. திற."

"சரக்காப் பதியலையே மாமா. உபகரணமால்ல பதிஞ்சிருக்கு. சரக்கு வரும், போகும். துறைமுக உபகரணம் வெளிய போகலாமா? நாளைக்குக் கிரேனும் கேக்கும்!"

"நேத்து சரக்குன்ன?"

"அன்னைக்குச் சரக்கு. ஆனா பதியல, அதனால போக முடியாது. இன்னைக்குப் பதிஞ்சாச்சு. ஆனா சரக்கில்ல, அதனால போக முடியாது. எப்பிடிப் பாத்தாலும் ரூல்ஸு ஒண்ணுதான் மாமா. நான் மாத்திப் பேசல."

அதன் பிறகு கோட்டைச்சாமி தினமும் உள்ளே போய்த் தண்ணீர் காட்டினார். இதற்காக அவரைச் சம்பளம் இல்லாத பராமரிப்பாளராக நியமித்தார்கள். சாயங்காலம் மாரிக்கண்ணன் முதுகில் ஏறிச் சுவரைத் தாண்டி வீட்டுக்கு வந்தார்.

ஜமால் மைதீன் ஆடு பார்க்க வந்தவர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆடு வியாபாரத்துக்கு வருமுன் அவர் கல்ப்பில் பல வருஷம் துறைமுக வேலை பார்த்தவர்.

"அண்ணே, இந்த மாதிரி நெட்வொர்க்குல நான் வேலையே பாத்திருக்கேன். ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு எங்கயோ நிக்கிற கிரேன ஓட்டுவோம். இங்க கைய அசைச்சா அங்க பெட்டி அசையும். ஒரு இமைப்பொழுது தாமதம் கூடாது. அதுக்குத்தான் இவ்வளவு செலவு பண்ணித் தனி டவர் வைக்கிறது. ஆட்டு கழுத்துல கட்டுறதுக்கில்ல."

"இங்கயும் தாமதம் இல்ல பாய். செவலை வாலாட்டுனா சென்னையில தெரியுதாம்."

"நான் இங்க கிரேன் வேலைக்கு எழுதிப் போட்டேனே! அனுபவம் எல்லாம் வெளிநாட்டு அனுபவமா இருக்கு, உள்ளூர் அனுபவம் இல்லைன்னு திருப்பிட்டாக." அவர் ஆடுகளை ஒரு பார்வை பார்த்தார். "அதுகளுக்கு உள்ளூர் அனுபவம் இருக்கு. சரி, அத விடுங்க. பெருநாள் நெருங்குது. நான் ஊருல ஏழெட்டு வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். ஆடு எப்ப வெளிய வரும்?"

"வந்ததும் போன் போடுறேன் பாய். லோடு வண்டியோட வந்துருங்க."

"போனா? இங்க எங்க இருக்கு சிக்னலு?"

சொல்லி முடிக்கவில்லை. ஜமால் மைதீன் சட்டைப்பையில் போன் அடித்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் மோழை வந்து அவர் கைலியை மோந்துகொண்டு நின்றாள். அவள் நாலு எட்டு தள்ளிப் போனதும் பேச்சு அறுந்தது. திரும்பி வந்ததும் போன் மறுபடி அடித்தது. கழுத்து வில்லையில் இருந்த சிம் பக்கத்தில் நிற்கிற போனுக்கும் அலையைப் பகிர்ந்து கொடுத்தது. இப்படி ஒரு வசதி இருப்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரியும். வாங்கியவர்களுக்குத் தெரியாது.

செய்தி சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவியது. மறுநாள் முதல் வாசல் கம்பியில் கூட்டம். ஆளுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரையோ வேப்பங்கொழையோ கொண்டு வந்து நீட்டினார்கள். ஆடு நின்று கடிக்கிறவரை பேசலாம். கட்டு தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. பெரிய கட்டு கொண்டு வந்தவர்கள் வீடியோவே பார்த்தார்கள். கோட்டைச்சாமியின் மனைவி குருவம்மாள் திருப்பூரில் இருக்கும் மகளோடு மாதக் கணக்கில் பேசாதவள். சுட்டிக்கு ஒரு முழுக் கட்டு கொடுத்து, பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்ததைக் கண்ணால் பார்த்தாள்.

அன்று கோட்டைச்சாமி வீட்டில் சொன்னார்: "ஆட்ட எப்பிடியாவது வெளிய கொண்டாரணும். நாளைக்கு ஊர் கூட்டத்துல பேசலாம்னு இருக்கேன்."

குருவம்மாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "கெடாய மட்டும் கேளுங்க. சுட்டி உள்ளயே இருக்கட்டும்."

"என்ன சொல்ற?"

"பிள்ளைக்கு இன்னும் ஒரு பல்லு வரப்போகுதாம்."

ஊர் கூட்டத்திலும் அப்படித்தான் ஆனது. அவருக்காக எல்லோரும் வருத்தப்பட்டார்கள். ஆட்டை விடுவிக்க வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவரவர் பேசுகிற ஆட்டைத் தவிர.

இதற்கிடையில் தலைமையகத்தில் வேலியேந்தலின் பெயர் மின்னியது. அங்கிருந்த பெரிய திரையில் நாற்பத்தாறு பச்சைப் புள்ளிகள் ஓயாமல் நகர்ந்தன. காணொளிக் கூட்டம் ஒன்று நடந்தது. பராமரிப்பாளர் என்ற முறையில் கோட்டைச்சாமியையும் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். திரையில் தெரிந்த மூத்த அதிகாரி மகிழ்ச்சியோடு கேட்டார்.

"மோழை என்கிற ஊர்தி மிகச் சிறப்பாகச் செயல்படுகிறது. எந்த நாட்டுத் தயாரிப்பு?"

"முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு சார்" என்றார் முத்துராஜ்.

"பெருமைக்குரிய விஷயம். எரிபொருள்?"

"தாவர எரிபொருள் சார். முற்றத்திலேயே கிடைக்கிறது."

"புகை?"

"புகை கிடையாது சார். கழிவு உண்டு. உரமாகப் பயன்படுத்தலாம்."

திரைக்கு அந்தப் பக்கம் கை தட்டினார்கள். பிறகு அதிகாரி புருவத்தைச் சுருக்கினார். "நேற்று வரை நாற்பத்தாறு. இன்று நாற்பத்தெட்டு என்று காட்டுகிறதே. கூடுதல் கொள்முதலுக்கு நாங்கள் அனுமதி கொடுக்கவில்லையே?"

மதன்குமார் கோட்டைச்சாமியைப் பார்த்தான். அவர் மெதுவாகச் சொன்னார்: "கருங்காதி ராத்திரி ரெட்டை போட்டுருச்சு சாமி. காலையிலேயே குட்டிக்கும் பட்டை மாட்டிட்டாக."

முத்துராஜ் தொண்டையைச் செருமினார். "உபகரணமே உபகரணத்தை உருவாக்கிக்கொள்ளும் தொழில்நுட்பம் சார். கொள்முதல் தேவைப்படவில்லை."

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. மற்ற துறைமுகங்களும் வேலியேந்தலைப் பின்பற்ற வேண்டும் என்று அன்றைக்கே சுற்றறிக்கை போனது. ஒரு துறைமுகத்தில் இருந்து, தங்கள் கிரேன்களும் இப்படிப் பெருக எத்தனை மாதம் ஆகும் என்று விளக்கம் கேட்டு எழுதியிருந்தார்கள்.

பக்ரீத்துக்கு ஒரு வாரம்கூட இல்லாத நிலையில் கோட்டைச்சாமி முத்துராஜ் முன்னால் போய் நின்றார். அவருக்குக் கோபப்படத் தெரியாது. 

"சாமி, உங்களுக்கு வேண்டியது ஆடா, புள்ளியா?"

முத்துராஜ் நிமிர்ந்தார்.

"புள்ளிதான்னா, அந்தப் பட்டைய யாரு மாட்டுனா என்ன? ஆட்ட விட்டுருங்க. பெருநாளு போயிருச்சுன்னா எனக்கு வருசமே போயிருச்சு."

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. சோதனை முறையில் ஒரு நாள் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் பட்டை மாட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்தார்கள். மதியத்துக்குள் தலைமையகத்திலிருந்து அவசரச் செய்தி வந்தது.

'இன்று இணைந்த புதிய ஊர்திகள் தரமற்றவை. தேநீர்க் கடை அமைந்துள்ள மூலையில் குவிந்து மணிக்கணக்கில் அசையாமல் நிற்கின்றன. உடனடியாக அகற்றிவிட்டுப் பழைய ஊர்திகளையே இயக்கவும்.'

அலுவலர்கள் பட்டையைக் கழற்றிவிட்டு இருக்கைக்குப் போனார்கள். ஆடுகள் பட்டியை விட்டு வெளியே வந்து வேலையைத் தொடர்ந்தன. கோட்டைச்சாமி கிரேன் நிழலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அவரைக் காப்பாற்றியது ஊர்தான். பட்டையை ஆள் மாட்டலாம் என்ற விஷயம் மாரிக்கண்ணன் வழியாக வெளியே கசிந்தது. ஆட்டுக்குக் கீரை நீட்டிக் கெஞ்சுவதைவிடப் பட்டையை நாமே மாட்டிக்கொண்டால் நினைத்த நேரம் பேசலாமே என்று ஒருத்தி சொன்னாள். மறுநாள் விடியற்காலையில் வாசலில் ஊரே வரிசையில் நின்றது. நூறு நாள் வேலைக்குக்கூட அப்படி ஒரு வரிசை நின்றதில்லை.

"இவங்க நடப்பாங்களா?" என்று முத்துராஜ் சந்தேகத்தோடு கேட்டார்.

"போன் பேசுற மனுசன் ஒரு இடத்துல நிப்பானா சார்?" என்றான் மாரிக்கண்ணன். "முன்னயும் பின்னயும் நடந்துக்கிட்டேதான் இருப்பான்."

மேலாளர் அதில் இருந்த விஞ்ஞானத்தை ஒப்புக்கொண்டார். ஓர் ஆட்டுக்கு ஓர் ஆள் என்று முடிவானது. நாற்பத்தெட்டுப் பேருக்குப் புதுப் பட்டை. ஆட்டின் பட்டையைக் கழற்றினால் 'உபகரணம் பழுது' என்று விழும் என்பதால் ஆடுகள் பட்டையோடே போகட்டும், வாசலைத் தாண்டினால் இணைப்பு தானாக அறுந்துவிடும் என்றான் மதன்குமார். வெளிக்கதவு சிறப்பு உத்தரவின் பேரில் ஒரு தடவை மட்டும் திறக்கும்.

கருங்காதியின் குட்டிகள் இன்னும் சரியாக நடக்கவில்லை. கோட்டைச்சாமி கைக்கு ஒன்றாக அவற்றைத் தூக்கிக்கொண்டார். கை காலியில்லாததால் மோழையின் மணியைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். மணி கேட்டதும் எங்கெங்கோ நின்ற ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கின. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அவர் பின்னால் வந்தன.

வாசலில் ஆடுகள் வெளியே வர, அதே வாசலில் ஊர் உள்ளே போனது. குருவம்மாள் அவரைத் தாண்டிப் போகும்போது, "சோறு சட்டியில இருக்கு, போட்டுச் சாப்பிடுங்க" என்றாள். நீலப் பட்டை அவள் தாலிக்கயிற்றுக்கு மேலே தொங்கியது.

வெளியே வந்து குட்டிகளை இறக்கிவிட்டுக் கோட்டைச்சாமி மூச்சு வாங்கினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆடு கையில் வந்தாயிற்று. இனி ஜமால் மைதீனுக்கு ஒரு போன். லோடு வண்டி வந்துவிட்டால் பொழுது சாயுமுன் எல்லாம் முடிந்துவிடும்.

போனை எடுத்தார். சிக்னல் இல்லை. மோழையின் பக்கத்தில் போய் நின்றார். வாசலைத் தாண்டிய மோழை இப்போது வெறும் ஆடு.

கம்பிக்கு அருகில் வந்து, "குருவம்மா! செத்த இங்க வா" என்று கூப்பிட்டார். அவள் தூரத்தில் நடந்துகொண்டே கையைக் காட்டினாள், பொறுங்க என்று. பிள்ளைக்கு அந்தப் பல் வந்துவிட்டிருந்தது. வேறு பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டார். நாற்பத்தெட்டுப் பேரும் காதில் போனை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார்கள். தென் மாவட்டங்களிலேயே மிகச் சிறந்த அலைவரிசையில் ஒருவர் காதிலும் அவர் குரல் விழவில்லை.

"மாரி, ஒரே ஒரு போன் பேசணும்லே. பாய்க்கு."

"உள்ள வாங்க மாமா. உள்ள வர்றதுக்குத்தான் தடையே இல்லையே. ஒரு பட்டைய மாட்டிக்கிட்டுப் பேசிட்டு, வழக்கம்போல செவரேறிக் குதிச்சிரலாம்."

யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை. கோட்டைச்சாமி உள்ளே நுழைந்து கழுத்தைக் குனிந்தார். மாரிக்கண்ணன் நீலப் பட்டையை மாட்டினான். அது எதிலோ பட்டு ஒரு சத்தம் கேட்டது.

மணி.

அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் மோழை வாசலைத் தாண்டியிருந்தாள். பின்னால் செவலை, சுட்டி, குட்டைவாலி, நடக்கப் பழகாத குட்டிகள்வரை எல்லாம் வந்துவிட்டன. உள்ளே வருவதற்குத் தடை கிடையாது. கதவு அவற்றுக்காக மரியாதையோடு திறந்திருந்து, கடைசி வால் உள்ளே வந்ததும் சாத்திக்கொண்டது. சிறப்பு உத்தரவு முடிந்துபோயிருந்தது.

அதே நேரத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு நீண்ட லாரி வந்து வாசலில் நின்றது. அதன் முதுகில் பெரிய இரும்புப் பெட்டி. வேலியேந்தல் துறைமுகத்துக்கு வந்த முதல் பெட்டி. எந்தப் பெட்டி வந்ததும் வீட்டுக்கு ஒரு வேலை தொடங்கும் என்றார்களோ, அந்தப் பெட்டி.

மாரிக்கண்ணன் கையில் இருந்த கருவியைப் பார்த்தான். கிரேன், கேட்டு, கேமரா, ஆடு நாற்பத்தெட்டு, ஆள் நாற்பத்தெட்டு, மாமா ஒன்று. நூறு.

"இடமில்ல அண்ணே" என்றான்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "யோவ், மைதானமே காலியாக் கெடக்கு!"

"மைதானம் காலி. நெட்வொர்க்கு ஃபுல்லு."

லாரி சிறிது நேரம் உறுமிவிட்டு வந்த வழியே திரும்பியது. அதை ஊரார் எல்லோரும் ஓடி வந்து போனில் படம் பிடித்தார்கள். படம் துல்லியமாக இருந்தது. ஒரு நொடியும் தாமதமில்லாமல் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. உள்ளே முத்துராஜ் திரையில் நிறைந்து வழிந்த பச்சைப் புள்ளிகளைப் பார்த்து இருக்கையில் சாய்ந்துகொண்டார். முழுத் திறனை எட்டிய நாட்டின் முதல் உலர் துறைமுகம் என்று பாராட்டு வந்துகொண்டிருந்தது.

கோட்டைச்சாமியின் கையில் இருந்த போன் அடித்தது.

"அண்ணே, ஜமால் பேசுறேன். லோடு வண்டியோட கெளம்பிட்டேன். ஆடு வெளிய வந்துருச்சா? என்னண்ணே, பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு! உங்க மூச்சுகூடக் கேக்குது. சொல்லுங்க."

கோட்டைச்சாமி போனைப் பார்த்தார். ஒரு கோடுகூடக் குறையாமல் சிக்னல் முழுசாக இருந்தது. அவருக்கு வாழ்நாளில் அப்படிக் கிடைத்ததில்லை. சொல்வதற்குத்தான் ஒன்றும் இருக்கவில்லை.